கேட்டுக்குள் நுழையாத யூலின் அத்தை

நகரத்துப் பத்திரிகை ஒன்று யூலின் அத்தையை ‘அத்துமீறி நுழைந்தவர்’ என்று எழுதிவிட்டது. கிரெனடாவில், எங்கள் லா ரோஸ் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொள்வேன். அத்தைக்காக நாலு வரி எழுத உதவாவிட்டால் அந்தப் பட்டம் சுவரில் தொங்கி என்ன பயன்?

அத்தை ஜாதிக்காய் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். புயலில் மரங்கள் விழுந்து கொட்டகை மூடியபோது மற்றவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள். அவள் ஒரு பழைய வேன் வாங்கினாள். ஓட்டத் தெரியாமலே வாங்கினாள். பாதிரியாரின் கோழிக்கூண்டை இடித்துத்தான் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், பூசை முடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போவாள்.

அவள் வேனில் ஏறுகிறவர்கள் பானைக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும். ஈரப்பலா, தேங்காய், வாழைக்காய், உப்புப் போட்ட பன்றி வால் என்று எதுவானாலும் சரி. ஒன்றுமில்லாதவன் விறகு பொறுக்குவான். அருவிக்கரையில் எல்லாம் ஒரே பானையில் அடுக்கடுக்காக இறங்கும். மேலே சேம்பு இலை, அதற்கு மேல் மஞ்சள் கலந்த தேங்காய்ப்பால். இதைத்தான் ஆயில்டவுன் என்கிறோம். மூடிவிட்டால் கிளறக் கூடாது, அடுப்பைவிட்டு நகர்த்தவும் கூடாது. பால் வற்றி எண்ணெய் அடியில் இறங்கும்வரை அந்தப் பானை அங்கேயேதான். வெந்துகொண்டிருக்கும் பானையைத் தூக்கியவனை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு கம்பெனி அருவியைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கியது. பாதையில் இரும்புக் கேட் முளைத்தது. உள்ளே போக டிக்கெட், சமையலுக்குத் தடை. கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்குப் புகை ஆகாதாம்.

கேட் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்ற காவலாளி கெர்லன் எங்கள் ஊர்ப் பையன்தான். சாவி தன்னிடம் இல்லை என்றும் மேனேஜர் வந்தால் தன் வேலை போய்விடும் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். வேனில் வந்த சிலர் திரும்பிவிடலாம் என்றார்கள். நகரத்திலிருந்து வந்த ஒருவர், டிக்கெட் வாங்கிக் குளித்துவிட்டு வீட்டில் போய்ச் சமைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க வீட்டுக்கே போங்க மாமா. குழாயடியில உக்காந்து குளிங்க, அருவி மாதிரியே இருக்கும்.”

பிறகு வேனைத் திருப்பிக் கீழே பாலத்தடியில் நிறுத்தினாள். பானையைத் தலையில் வைத்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள்.

“நிலத்தத்தான அவன் வாங்கினான்? ஆத்த வாங்கலையே. வாங்க.”

நாங்கள் நீரோட்டத்தை எதிர்த்தே நடந்தோம். பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன். ஈரப்பலா ஒன்று மிதந்து போக, அதைத் துரத்தி ஓடியவர் அந்த நகரத்து மாமாதான். அருவிக்குக் கீழே, ஆற்றின் நடுவிலிருந்த பெரிய பாறையில் மூன்று கல் வைத்து அத்தை தீ மூட்டினாள்.

பால் கொதிக்கத் தொடங்கியபோது மேனேஜர் வந்தார், பின்னால் கெர்லன். கரையில் நின்றபடி, எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்றார். நான் எழுந்து, உங்கள் பத்திரத்தில் ஆறும் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கெர்லனிடம் திரும்பி, “அந்தப் பானையத் தூக்கிக் கரையில வை” என்றார்.

கெர்லன் தண்ணீரில் இறங்கிப் பாறைவரைக்கும் வந்தான். அத்தை நகரவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. அவன் மூடியின் ஓரத்தில் வரும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சார், இன்னும் எண்ணெய் இறங்கல.”

“அதனால என்ன?”

“இறங்காத பானைய எடுக்க மாட்டேன் சார். என் வேலைய வேணும்னா எடுத்துக்கங்க.”

மேனேஜர் அங்கேயே எடுத்துக்கொண்டார். கெர்லன் தொப்பியைக் கழற்றிக் கரையில் வீசிவிட்டு, விறகு குறைகிறதே என்று பொறுக்கப் போனான். மேனேஜர் தன் காலணியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அவர் இறங்கவில்லை. நாங்கள் எண்ணெய் இறங்கும்வரை இருந்தோம், அதற்குப் பிறகும் இருந்தோம்.

அடுத்த வாரம்தான் அந்தப் பத்திரிகைச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்களால் வேன் போதாமல் போயிற்று. சில ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்த மேனேஜர், ஒரு நாள் பாலத்துக்கே வந்தார். கையில் அத்தையின் பெயர் போட்ட பாஸ். கேட் வழியாகவே வரலாம், டிக்கெட் வேண்டாம், ஓரமாகச் சமைத்துக்கொள்ளலாம் என்றார்.

“எத்தன பேருக்கு?”

“உங்களுக்கு மட்டும்தான்மா. முட்டி வலியோட எதுக்கு ஆத்துல நடக்கிறீங்க?”

முட்டி வலி உண்மைதான். முந்தின நாள் இரவு நானே தைலம் தேய்த்துவிட்டேன். அத்தை பாஸைக் கையில் வாங்காமலே, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“பேரு சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆளத்தான் தப்பா நினைச்சுட்டீங்க” என்றாள்.

கெர்லன் பானையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்தபடி தண்ணீரில் கால் வைத்தாள்.