கெட்டிலுக்குச் சாக்ஸ் மாட்டுகிறவள்

கிளெனிஸ் பாஸ்கோ என் சமையலறைக்குள் வந்ததும் நேரே கெட்டிலிடம் போனாள். பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிச் சாக்ஸை எடுத்து, கைப்பிடியிலிருந்து மூக்குவரை இழுத்து மாட்டினாள். பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டதுபோல் அதன் தலையில் ஒரு செல்லத் தட்டு வேறு.

"காலையில எந்திரிச்சதும் உன் கை தானா இதுக்குத்தான் போகும், கண்ணு. சாக்ஸைத் தொட்டதும் என் ஞாபகம் வரணும். முதல்ல பஞ்சு. அப்புறந்தான் டீ."

எங்கள் ஆற்றோரத்தில் நாற்பது பால் பண்ணைகள். நாற்பது சாக்ஸும் அவளே பின்னியவை. போன வருட வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் உடம்பெல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சிட்னியில் ஆராய்கிறார்கள்; அவர்களுக்காக வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பவள் கிளெனிஸ். அதற்கு ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், எச்சில் போதும். கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் அதில் தெரிந்துவிடுமாம். கண் விழித்ததும் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் அதக்கி, ஊறியதும் சின்னச் சோதனைக் குழாயில் போட்டு மூட வேண்டும். அரை மணி கழித்து ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. நல்ல உடம்பில் விழித்த அரை மணிக்குள் கார்ட்டிசால் கிடுகிடுவென்று ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும். நொந்துபோன உடம்பில் பல சமயம் ஏறவே ஏறாது. நடுவில் ஒரு வாய் டீ குடித்தால் போச்சு, அந்தப் பஞ்சு குப்பைக்குத்தான்.

நாலு மணிக்கு எழுந்து மாடு கறக்கப் போகிறவர்களிடம் டீயைத் தொடாதே என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அது அவளுக்கு உண்டு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் அதட்டலில் வளர்ந்தவர்கள். மதுக்கடையில் யாராவது, "ஏ கிளெனிஸ், ஊரான் எச்சியைப் பொறுக்கத்தான் பொறந்தியா?" என்று சீண்டினால், "உன் எச்சியாவது உண்மை பேசுது. நீ என்னைக்குடா பேசினே?" என்று கேட்டுவிட்டுத் தன் கோப்பையைக் காலி செய்வாள்.

மூன்றாம் நாள் நானும் அகப்பட்டேன். ஒரே ஒரு மடக்குத்தான் குடித்திருந்தேன். பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் துளி பழுப்பு. "இது டீ," என்றாள். இல்லவே இல்லை என்று சாதித்தேன். அவள் வாக்குவாதம் செய்யவில்லை, குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதுக் குழாயை நீட்டினாள். என் வீட்டிலேயே என்னைத் திருடியாக்கிவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள்பாட்டுக்கு வந்தாள், சாக்ஸைச் சரிசெய்தாள், போனாள்.

சேர்ந்த குழாய்கள் சிட்னிக்குப் போகும்வரை அவள் வீட்டு உறைபெட்டியில், பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே இருக்கும். அவள் புருஷன் அதிலிருந்து விஸ்கிக்கு ஐஸ் எடுப்பதை நிறுத்தி ஐந்து வாரமாகிறது.

வாய் வறண்டவர்களுக்கு அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. எலுமிச்சை, மிட்டாய் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பேசக் கூடாது என்று விதி இல்லையே! எதிரே உட்கார்ந்து வாயாலேயே சமைக்க ஆரம்பிப்பாள். "ஆட்டுத்தொடை அடுப்புல இருக்கு. தோல் மொறுமொறுன்னு ஆயிடுச்சு. அந்தக் கொழுப்புலயே உருளைக்கிழங்கு வேகுது. இப்பப் புதினாச் சாஸை எடுக்கறேன்..." சாஸ் வருவதற்குள் பஞ்சு ஊறிவிடும். இதில் அவள் தோற்று நான் கேள்விப்பட்டதில்லை. வந்த பஞ்சுகளைப் பெயர்வாரியாகக் குறித்துவைக்கும் அவள் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வியாழக்கிழமை ஒரு குழாயைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு."

பஞ்சில் பச்சை நார் ஒட்டியிருந்தது. புளித்த பால் வாடை அடித்தது.

"கன்னுக்குட்டி எச்சி!" என்று சிரித்தேன். குழாயில் நெவில் ட்ரெவின் என்று பெயர் எழுதியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன். வெள்ளத்தில் எண்பது மாடுகளைப் பறிகொடுத்தவன். கறவைக் கொட்டகைக் கம்பியில் பஞ்சை வைத்திருப்பான், கன்று சப்பியிருக்கும் என்றேன்.

கிளெனிஸ் சிரிக்கவில்லை. "தவறி நடந்தா ஒண்ணு கெடலாம். இந்த வாரம் எல்லாமே இப்படித்தான் இருக்கு. அவன் வேணும்னு செய்யறான். ஏன்னுதான் தெரியல."

மறுநாள் விடியுமுன் அவள் காரில் நானும் ஏறிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதையே பல மாதமாக மறந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நெவில் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கெட்டில் அவளுடைய சாக்ஸோடு ஒழுங்காக இருந்தது. "வாயைத் திறடா," என்று பஞ்சை வைத்தாள். எதிரே உட்கார்ந்து ஆட்டுத்தொடையை அடுப்பில் ஏற்றினாள். உருளைக்கிழங்கு வெந்தது. சாஸை ஊற்றினாள். போதாதென்று ஆப்பிள் பை சுட்டு, மேலே கஸ்டர்டும் விட்டாள். எனக்கு நாக்கில் ஊறித் தொண்டைக்குள் இறங்கியது.

அவன் பஞ்சை வெளியே எடுத்தான். வைத்தபோது இருந்த மாதிரியே வெள்ளையாக, காய்ந்து கிடந்தது.

"ஊற மாட்டேங்குது, கிளெனிஸ்," என்றான். "ஒரு வாரமா இப்படித்தான். உன் தாள்ல என் கட்டம் மட்டும் காலியாயிடுமேன்னு கன்னுக்குட்டிகிட்டக் குடுத்தேன்."

"தூங்கறியா?"

"படுக்கிறேன்."

"சாப்பிடறியா?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாடு கத்துதேன்னு எந்திரிக்கிறேன். அதுவும் கத்தலேன்னா எந்திரிப்பேனான்னு தெரியல."

பண்ணையை விற்கச் சொல்லவா, தோளைத் தட்டவா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கிளெனிஸ் தாளை எடுத்தாள். அவன் பெயருக்கு நேரே நாலு கட்டங்களையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தாள். பேனாவை மூடினாள்.

"இன்னைக்கு மாட்டை இவ கறப்பா," என்று என்னைக் காட்டினாள். "டாக்டர் கதவைத் திறக்கறப்ப நாம வாசல்ல நிக்கணும். நான்தான் ஓட்டறேன். சின்ன வயசுல என் பஸ்ல எங்க உக்காருவியோ அங்கேயே உக்காரு, எனக்குப் பின்னாடி."

பிறகு எழுந்துபோய், கெட்டிலிலிருந்து சாக்ஸை உருவித் தன் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, தொட்டிக் குழாயைத் திறந்து டீக்குத் தண்ணீர் பிடித்தாள்.