ஒரு கோடு மருந்து

திண்டிவனத்தில் என் வீட்டுக்காரர் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, டாக்டர் அபின் கலந்த வலிமருந்து கொடுத்தார். ஒரு வேளைக்கு ஒரு கோடு என்று, அளவுக்குக் கோடு போட்ட காகிதம் புட்டியில் ஒட்டியிருந்தது. "வேற யாருக்கும் குடுத்துடாதம்மா, தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்" என்றார். அபின் வயிற்றைக் கட்டும் என்று விளக்கெண்ணெயும் தந்தார்.

நாத்தனார் புருஷனுக்கு முதுகுவலி. புட்டியைப் பார்த்ததிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு கோடு ஊத்து தங்கச்சி, முதுகு பேஜாரு பண்ணுது."

முடியாது என்று சொன்னால் அந்த மனுஷனுக்குக் காதே கேட்காது. நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மருந்துக்கு முன்னாடி இதக் குடிக்கணுங்கண்ணா" என்று விளக்கெண்ணெயை நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்தார். அன்று பொழுதுக்கும் கொல்லைக்கே நடந்தார்.

மறுநாள் வாசலோடு நின்றுவிட்டார்.

"முதுகுல வலியே இல்ல தங்கச்சி. மருந்து வாணாம்!"