ஒற்றை ஸ்பீக்கருக்கு இரண்டு வயர்

இன்று சாயங்காலம் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஸ்பீக்கர் வயர் வாங்கப் போனேன். மூன்று மீட்டர் கேட்டேன்.

கடைச் சேட்டன் தாமாகவே ஆறு மீட்டர் அளக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு போதும் சேட்டா. எங்கிட்ட ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு."

"மத்தது கேடாயிடுச்சா மோளே? கொண்டு வா, நன்னாக்கித் தரேன்."

கெடவில்லை. வைப்பின் தீவில், அவன் வீட்டில் நலமாக இருக்கிறது. நான்கு வருடம் ஒன்றாக வாழ்ந்த நானும் அவனும் போன மாதம் பிரிந்தபோது, சண்டை வேண்டாம் என்று எல்லாவற்றையும் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். புத்தகங்கள், தட்டுகள், கடைசியில் ஸ்பீக்கரும் ஆளுக்கு ஒன்று. ஒரு ஸ்பீக்கரில் பாட்டின் பாதிதான் கேட்கும் என்பது இருவருக்கும் தெரியும். இருவருமே சொல்லவில்லை.

"அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

சேட்டன் சிரித்துவிட்டார். "ஸ்பீக்கரை யாராவது பாகம் வைப்பாங்களா? செருப்பும் ஆளுக்கு ஒண்ணா?"

பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ரெண்டு வயரும் ஒரே ரோல்ல, ஒரே நீளத்துல இருக்கணும் மோளே. பின்ன வந்தா இது கிட்டாது. மத்த ஸ்பீக்கர் திரும்பி வருமா, வராதா? அதுக்குத் தக்க வெட்டறேன்."

ஒரு மாதமாக அம்மாகூட என்னிடம் இப்படி நேராகக் கேட்கவில்லை.

வராது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"ரெண்டும் வெட்டுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வயரை மாட்டிவிட்டேன். இன்னொன்று ஆம்பிளிஃபையருக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது.

பிரிந்த பிறகு இதைவிட அசட்டுத்தனமாக எதையாவது வாங்கியவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். இன்று எனக்குத் துணை வேண்டும்.