கங்காதரன் ஏறிய மூன்று படிகள்

சிந்தாதிரிப்பேட்டை கங்காதரன் சாக்கடைக் குழியில் இறங்கி அடைப்பு எடுப்பவர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். ஒப்பந்தக் கம்பெனி கொடுத்த அட்டையில் மட்டும் ‘டெக்னிக்கல் அசிஸ்டன்ட்’ என்றிருந்தது.

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனம் சமூக வளர்ச்சியை அளக்கிறது. தொழில்களுக்கு ஒன்பது படிகள். அப்பா எந்தப் படி, பிள்ளை எந்தப் படி என்று குறித்து, கோடு இழுப்போம்.

“கார்டப் பாக்காத நைனா. குழில எறங்கறேன்னே எழுது” என்றார் கங்காதரன்.

நான் கார்டில் இருந்ததைத்தான் எழுதினேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கல்லூரி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் ‘கூலி’ என்று எழுதக் கூசிய கை இது. கங்காதரனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டேன். அவருடைய அப்பா ஒன்றாம் படி, அவர் நான்காம் படி.

மயிலாப்பூர் கூட்டமொன்றில் இயக்குநர் வெங்கடரமணன் அந்தக் கோட்டைத் திரையில் காட்டினார். “சமூகம் ஒரு வளைகோடு. அது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறவரை நாம் கவலைப்பட வேண்டியதில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் மாதம் கங்காதரன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளை நர்சிங் படிக்கவைக்கும் ஓர் அறக்கட்டளை, எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, அப்பா துப்புரவுத் தொழிலாளி இல்லையே என்று அவர் மகள் ஆஷாவைத் திருப்பி அனுப்பியிருந்தது.

“மூணு படி ஏத்திவுட்டியாமே. காலைல குழில எறங்கறப்போ நீ எங்க இருந்த?”

இயக்குநரிடம் போனேன்.

“இவருக்குத் திருத்தினா, இதே கார்டு வச்சிண்டிருக்கற நானூறு பேருக்கும் திருத்தணும். கோடே படுத்துடும்ப்பா. அறிக்கை வேற அச்சாயிடுத்து.”

என் தவறென்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அறக்கட்டளையில் நிறுவன முத்திரை கேட்டார்கள். முத்திரை இயக்குநரின் மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டாம் முறை அவரிடம் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஊரில் என் வேலையைச் சொல்லித்தான் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று. ஆஷா இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறாள். தோளில் குத்தியிருந்த அட்டையில் ‘சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்’. எங்கள் கணக்கில் அது ஐந்தாம் படி.

“உக்காந்து பேசலாமா?”

“உக்காரக் கூடாதுண்ணா, சூப்பர்வைசர் பாத்துக்கினு கீறாரு. நின்னுக்கினே சொல்றேன். இல்லாட்டி கார்டுல கீறத எழுதிக்க. எப்படியும் அதத்தான எழுதப்போற.”

எழுதினேன். கோடு இன்னும் கொஞ்சம் மேலே போனது.