காலை மீட்டிங்கை நிறுத்திய மாசம்

பொறுமைங்கிறது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எதிராள் வாயைத் திறந்தா மீதியை நானே சொல்லி முடிச்சிருவேன். "திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு உங்க வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்கலையே"ன்னு என் வீட்டுக்காரி சொல்லாத நாள் இல்ல. இந்த வாயை வச்சுக்கிட்டுத்தான் ஒரு தோல் கையுறை கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன்.

தினம் ஒன்பது மணிக்கு மீட்டிங். எட்டுப் பேரும் வட்டமா நின்னு, நேத்து என்ன முடிஞ்சது, எங்க சிக்கல்னு ஆளுக்கு ரெண்டு வரி சொல்லணும். அதோட விடுவேனா? நாள் பூரா போன் போட்டு அதையே திரும்பக் கேப்பேன்.

செக்கிங்ல ஒரு பொண்ணு. கீரனூர்க்காரி, இங்க ஹாஸ்டல்ல தங்கியிருந்துச்சு. ஒரு தையல் பிசகினாலும் அது கண்ணுல பட்டுரும். ஆனா பேச்சு திக்கும். நாலு பேர் பாத்தா இன்னும் திக்கும். ஒரு நாள் மீட்டிங்ல, "ஏனுங்க, கட்டைவிரல் தையல்..."னு ஆரம்பிச்சுச்சு. அதுக்கு மேல வார்த்தை வரல. "முடிஞ்சிருச்சு, அதானே? சரி, அடுத்த ஆளு"ன்னுட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிச்சு. சாயங்காலமே சரக்கு லாரி ஏறிருச்சு.

மூணு வாரத்துல அத்தனையும் திரும்பி வந்துச்சு. கட்டைவிரல்ல தையல் பிரியுதாம்.

"செக்கிங் பிள்ளைக்குக் கண்ணு தெரியலையா? ஆளை மாத்திருங்க"ன்னாரு முதலாளி. எனக்கு வெக்கமாப் போச்சு. "பாய், அது சொல்லத்தான் வந்துச்சு. நான்தான் சொல்ல விடல"ன்னேன். திரும்பி வந்தா என் மேசை மேல ஒரு லெட்டர். "பேச வராதவளுக்கு இந்த வேலை சரிப்படாதுங்க. மாசக் கடைசியில நின்னுக்கிறேன்."

"மாசக் கடைசி வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்மா"ன்னு அதுகிட்ட சொல்லிட்டு டிராயர்ல வச்சேன். ஆளை மாத்தாம வேற மாதிரி நடத்திப் பாக்க முதலாளிகிட்ட ஒரு மாசம் தவணை கேட்டேன், சரின்னாரு. இனி காலையில மீட்டிங் கிடையாது. பத்தரை மணிக்குள்ள அவங்கவங்க சேதியை வாட்ஸ்அப் குரூப்ல எழுதிரணும். மத்தவங்க வேலை ஒழிஞ்சப்ப படிச்சு, சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும். அடிபட்டாலோ மெஷின் நின்னாலோ மட்டும்தான் போன்.

"பக்கத்து மேசைக்காரனுக்கு லெட்டர் போடணுமாண்ணே? நல்ல கூத்து"ன்னாரு கட்டிங் மாஸ்டர். அவரு பதில் போடாம ஒரு நாள் வேலையே நின்னு போச்சு. சரின்னு, பதிலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே போடணும்னு மாத்துனோம். அவருக்கு எழுத்து ஓடல, வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாரு. அதுவும் சேதிதானேன்னு விட்டுட்டேன். என் பாடுதான் திண்டாட்டம். கை தன்னால போனுக்குப் போகும், இழுத்துப் பையில போட்டுக்குவேன். பத்து நாள்ல கை அடங்குச்சு.

அந்தப் பொண்ணு எழுதுனது இப்படி இருக்கும்: "மூணாவது கட்டுல உள்துணி சுருங்கியிருக்குங்க. போட்டோ போட்டிருக்கேன். தைக்கிறதுக்கு முன்னாடி பாத்துருங்க." குரூப்ல இருந்த முதலாளியே அதைப் படிச்சுட்டு அந்தக் கட்டை நிறுத்தச் சொன்னாரு. "இம்புட்டு விவரமான பிள்ளையவா அனுப்பப் பாத்தோம்?"னு என்கிட்ட கேட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மாசக் கடைசி வந்துச்சு. "லெட்டரை என்னம்மா செய்ய?"ன்னு அதுக்குத் தனியா எழுதுனேன். படிச்சதுக்கு அடையாளமா ரெண்டு டிக்கும் நீலமாச்சு, பதில் வரல. செத்த நேரத்துல அதுவே எந்திரிச்சு என் மேசைக்கு வந்துச்சு.

"அந்த... அந்த லெட்டரை..."

நின்னு போச்சு. மீதி வார்த்தை என் நாக்கு நுனியில நிக்குது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"கி... கி... கிழிச்சுப் போட்டுருங்க."

கிழிச்சேன். ஒன்றரை வருஷமா ஒண்ணா வேலை பாக்குறோம். அது பேசி நான் முழுசாக் கேட்ட முதல் பேச்சு அதுதான்.