குராமோச்சி கண்ணில் பட்ட பையன்

“கழுகின் கண்ணும், திறமையை மொட்டிலேயே முகரும் மூக்கும் கொண்டவர். மேற்கு வட்டாரத்தில் நாளைய வெளிக்கள வீரர்களைக் கண்டெடுத்துத் தருபவர்.” பேஸ்பால் கழகத்தின் ஆண்டு மலர் குராமோச்சி தெத்சுரோவைப் பற்றி இப்படிச் சொல்கிறது. கண்ணைப் பொறுத்தவரை, மூக்குக் கண்ணாடியைத் தேடவே அவருக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும். மூக்கோ, தேவதாரு மகரந்தம் பறக்கும் பிப்ரவரியிலிருந்து மே வரை ஒழுகுவதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை. மலரைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆளை ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று அவருக்கே ஆசையாக இருக்கும்.

அவர் சொல்லிக் கழகம் எடுத்த பையன்களில் ஒருவனுக்கு இரவு விளக்கில் பந்து தெரியவில்லை. ஒருவன் சுவரில் மோதி மோதி, சுவரே மேல் என்று பெயரெடுத்தான். இன்னொருவன் தகமாட்சுவில் உதோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் பொன்னான கை என்று அன்றைக்கே சொன்னவர் குராமோச்சி. எதற்கு என்பதில்தான் பிசகு.

நாளடைவில் மற்றக் கழகத்துத் தேர்வாளர்கள் அவரை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ அவன் பெயரை அடித்துவிடுவார்கள். சொந்தக் கழகத்திலும் அதே வழக்கம்தான், சற்று மரியாதையோடு. வீட்டில், மிசோ சூப் பிரமாதம் என்று அவர் சொன்ன அன்று மனைவி ஃபுமி சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“நீங்க நல்லாயிருக்குன்னா எனக்குப் பக்குனு இருக்குங்க.”

அந்த ஜூலையில் ஹமாதா மைதானத்தில் பள்ளிகளுக்கான போட்டி. தேர்வாளர்கள் அத்தனை பேரும் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு நெட்டைப் பந்தெறிகாரனின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கேலி பொறுக்காமல் குராமோச்சி பென்டோ சாப்பாட்டுப் பெட்டியோடு எதிர்ப்பக்கத்துப் புல்மேட்டுக்குப் போய்விட்டார். அதனால்தான் ஹமாசாகி ரியோயா அவர் கண்ணில் பட்டான்.

மட்டையில் பந்து படும் ஓசை மேட்டை எட்டுமுன்பே, வெளிக்களத்தின் நடுவில் நின்ற அந்தப் பையன் கிளம்பிவிடுவான். பந்து இறங்கும்போது பேருந்துக்குக் காத்திருப்பவன்போல நின்றுகொண்டிருப்பான். பாய்ந்து விழுந்து பிடிப்பதெல்லாம் தாமதமாகக் கிளம்பியவன் செய்யும் பரிகாரம். இது குராமோச்சிக்கு நன்றாகத் தெரியும். ஆடிய காலத்தில் பாய்ந்து விழுவதில் பேர் போனவர் அவர்.

‘அற்புதம்’ என்று வாய் முணுமுணுத்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பாவம் பையன்.

ஆட்டம் முடிந்ததும் பையன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். பள்ளிப் பையனோடு தேர்வாளர் பேசக் கூடாது என்பது விதி. அவரும் குனிந்துவிட்டு நகர்ந்தார். பையனின் பயிற்சியாளர் அசஹினா ஓடி வந்தார்.

“குராமோச்சி சான், அக்டோபர் ஆள் தேர்வுல எந்தக் கழகமும் இவனைக் கூப்பிடலேன்னா ஓட்டுச் சூளைக்குப் போயிடுவான். மாமா அங்க வேலை பேசி வெச்சிட்டார். உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை...”

“என் வாயாலயா? பையன் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?”

வலைக்குப் பின்னால், போட்டிக் கழகத்துத் தேர்வாளர் ஹிராட்சுகா காத்திருந்தார்.

“மேட்டுல யாரைப் பாத்தீங்க? சொல்லிடுங்க, நாங்க தப்பிச்சுக்கறோம்.”

“பென்டோவைப் பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“மோசம்.”

“அப்போ எனக்கு ஒண்ணு வாங்கணும்” என்று ஹிராட்சுகா எழுந்தார். “அந்த நடுப் பையன் சட்டையில ஒரு பொட்டு அழுக்கில்ல, கவனிச்சீங்களா? சுத்தச் சோம்பேறி.”

அவர் உண்மையிலேயே போய் பென்டோ வாங்கியதைக் குராமோச்சி பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்டோபரில் கழகத்தின் கூட்டம். தேர்வாளர்களின் தலைவர் ஓகிதா கடைசிப் பெயர்களுக்கு வந்தார்.

“ஹமாசாகி. உங்க வட்டாரம்தானே குராமோச்சி, எப்படி?”

வாழ்நாளில் ஒருமுறையாவது சரியாகச் சொன்னவர் என்று பெயர் வாங்கும் வாய்ப்பு அவர் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அதை விழுங்க ஒரு மிடறு தேநீர் தேவைப்பட்டது.

“வேண்டாம் தலைவரே. சோம்பேறி. சட்டையே அழுக்காகாது.”

ஓகிதா பென்சிலைக் கீழே வைத்தார். “உங்களுக்குப் பிடிக்கலையா?”

“கொஞ்சங்கூட.”

“நிஜமாவா?”

“இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன்.”

அந்த அனுபவத்தின்மேல் இருந்த நம்பிக்கையில் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஆறாவதா இவனைக் கூப்பிடுவோம்” என்றார் ஓகிதா.

இப்போது கழகத்தின் வெளிக்களத்தில் நடுவில் நிற்பவன் ஹமாசாகி. வட்டாரத் தேர்வாளரின் எதிர்ப்பையும் மீறி அவனை எடுத்த துணிச்சலுக்காக ஓகிதாவுக்கு ஆண்டு மலரில் முழுப் பக்கம். அவர் குராமோச்சியை வேலையை விட்டு அனுப்பவில்லை. இவ்வளவு நம்பகமான கருவி வேறெந்தக் கழகத்திடமும் கிடையாது.

குராமோச்சி ஒரே ஒரு வெளிக்கள வீரனைச் சரியாகக் கணித்தார். அவனை வேண்டாம் என்று சொன்னார்.