நெல்லின் மேல் செருப்பு

பொன்னேரிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காயவைக்கும் வேலை எனக்கு. ஐம்பதுகளில் எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். கால் சுட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிமெண்டுக் களத்தில் ஆவி பறக்க நெல்லைக் கொட்டுவார்கள். அதைக் காலாலேயே வரி வரியாகக் கிண்டிக்கொண்டு நடக்க வேண்டும். உச்சி வெயிலிலும் நிற்கக் கூடாது. நெல் லட்சுமியாம், அதனால் செருப்பும் கூடாது. காலில் கோணியைச் சுற்றிக்கொண்டால், நெல்லை ஒளித்துக்கொண்டு போகிறோம் என்று மேஸ்திரி உருவிப் போட்டுவிடுவார். அவர் மட்டும் நிழலில் செருப்போடு நிற்பார்.

என்னோடு ஆறு பெண்கள். அதில் ஒருத்தி நெல்லூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, ஊரில் ஒரு துண்டு நிலமும் இல்லை. ஆலைக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போகும். அவள் பாதம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது.

"எல்லாரும் செருப்பு போட்டுக்கினு எறங்குவோம். ஏழு பேரையும் தொரத்திட்டா நெல்லை யாரு கிண்டுவா?" என்றாள்.

சரி என்றோம். சந்தையில் டயர் செருப்பு வாங்கினோம். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை களத்தின் ஓரம் வரை ராணிகள் மாதிரி செருப்பு சத்தத்தோடு வந்தோம். அவள் முதலில் இறங்கினாள். மற்ற ஆறு பேரும் நெல்லைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே செருப்பைக் கழற்றிவிட்டோம். பயமெல்லாம் இல்லை, பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாக்கா, நெல்லு மேல செருப்போட மிதிக்கிறியே?" என்றேன்.

மேஸ்திரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "கேட்டுக்கினியா? உன் கூட்டாளியே சொல்லுது. மூட்டையைக் கட்டு" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. கொப்பளம் கிளம்பிய என் காலையே பார்த்தாள்.

"உன் காலு மட்டும் இன்னா இரும்பா, கண்ணு?"

கொட்டகையிலிருந்து மூட்டையை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி ரயிலடிப் பக்கம் போனாள். அந்த மேஸ்திரி மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் உள்ளது ஆறவில்லை.

அன்றைக்கு அவளுடைய வரிகளையும் நான்தான் கிண்டினேன், வெறுங்காலோடு.